குளவி அடைத்த துளை

காலிக் குடத்துக்குள் வாயை வைத்து யாரோ மூச்சு விடுவது போல இருந்தது அந்தச் சத்தம். ஹூம் என்று ஓர் ஊதல், கொஞ்சம் நிறுத்தம், பிறகு சுவரில் எதுவோ டொக்கென்று முட்டுவது, மறுபடி ஊதல். பிலோமி மகளின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. கீழே ஊரில் என்றால் தெருவெல்லாம் பஜ்ஜி வாசனை அடிக்கிற வேளை, பிள்ளைகள் இன்னும் சைக்கிள் விட்டுக்கொண்டிருக்கும். இந்த மலையில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் இறங்கினதும் யாரோ கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டது மாதிரி ஊரே அடங்கிவிடுகிறது. கரடியாக இருக்குமோ. மத்தியானம் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து இறக்கிய வெள்ளச்சி இடுப்பில் கை வைத்து அவளை ஏற இறங்கப் பார்த்து, "பயப்படாதீங்க நர்சம்மா, இந்த மலையில திருடன் கிடையாது, கரடி மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு போனாள். சிரிப்புக்குச் சொன்னாளா, உண்மையைச் சிரித்துச் சொன்னாளா. வெள்ளச்சியின் வீடுதான் பக்கத்து வீடு, பக்கம் என்றால் தொண்டை கிழியக் கத்தினால் கேட்கலாம், அவ்வளவு பக்கம். சுகாதார நிலையத்தை ஊரைவிட்டுத் தள்ளி, ரோடு வளைகிற இடத்தில் கட்டியிருக்கிறார்கள். முன்னால் ஊசி போடுகிற கூடம், பின்னால் நர்சு குடியிருக்க ஓர் அறையும் அடுப்படியும். அந்த அறையில்தான் இப்போது கிராம சுகாதார செவிலியர் பிலோமினா, இன்னும் வேலையில் சேராத, நாளைக் காலை சேர்ந்தாக வேண்டிய பிலோமினா, மூன்று வயது நிறையாத எமீமாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தாழ்ப்பாள் விழாத கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

தாழ்ப்பாள் இருக்கிறது, விழத்தான் மாட்டேன் என்கிறது. கதவின் அடிப்பக்கம், முழங்கால் உயரத்தில், கட்டை விரல் தடிமனுக்கு நல்ல இரும்புத் தாழ்ப்பாள். சாயங்காலம் அதைத் தள்ளிப் பார்த்தாள், பாதி தூரம் போய் நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் நிலைச் சட்டத்துத் துளைக்குள் செம்மண் பூசி அடைத்திருந்தது குளவி. முந்தைய நர்சு மாற்றலாகிப் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு, குளவிக்கு யார் சொல்வது. குளவி கூடு கட்டினால் வீட்டில் விசேஷம் என்பார்கள், அதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா. அத்தை, அவள் மாமியார், பார்த்திருந்தால் வேறு சொல்லியிருப்பாள். பாத்தியா பிள்ள, கதவப் பூட்டவே கர்த்தர் விடல, நீ இங்க தங்குறது அவருக்குச் சித்தமில்ல. அத்தைக்கு எல்லாம் அடையாளம். பால் பொங்கி வழிந்தால், பல்லி விழுந்தால், இல்லை, பல்லி அஞ்ஞானிகள் பார்க்கிற சகுனம், அது கூடாது, ஆனால் போகிற வழியில் பஸ் பஞ்சர் ஆனால் அது கர்த்தர். பிலோமிக்கு இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. தாழ்ப்பாளைத் தள்ளின தன் கைக்கு அந்த வேலை மறந்தே போயிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் எந்தக் கதவையும் உள்ளிருந்து பூட்டியதில்லை. அந்த வீட்டில் தாழ்ப்பாளே கிடையாது. படுக்கையறையில், அடுப்படியில், குளியலறையில்கூடக் கழற்றி எடுத்த இடத்தில் ஆணி ஓட்டைகள்தான் இருக்கும், குளிக்கிறபோது பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும், ஆள் இருப்பது தெரிவதற்கு. வந்த புதிதில் அவளுக்குக் கோபமாக வந்தது. பிறகு ஒரு நாள் அவள் புருஷன் ஜெபசீலன், கீபோர்டின் மேல் துணியைப் போர்த்திக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னான். அவன் அக்கா தபித்தாள் ஒரு மத்தியானம் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். கோடரியால் பிளந்து திறந்தபோது நேரம் கடந்திருந்தது. வேதத்தில் அந்தப் பெயர் உள்ளவள் செத்த பிறகு அப்போஸ்தலன் எழுப்பினானே, அந்தப் பெயருக்காகவாவது எழுந்திருப்பாள் என்று அத்தை உடலை எடுக்கவிடாமல் உட்கார்ந்து ஜெபித்தாளாம். அதன் பிறகு ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அவளே சுற்றியிருக்கிறாள். இப்போதும் ராத்திரி எழுந்து வந்து ஒவ்வொருவர் மூக்கின் கீழும் விரல் வைத்துப் பார்ப்பாள், பிலோமியின் மூக்கின் கீழும். அந்த விரலில் எப்போதும் கருவாட்டு வாசனையும் ஆலிவ் எண்ணெய் வாசனையும் இருக்கும். அதை வெறுக்கவும் முடியவில்லை. பாசத்திலிருந்து மூச்சு வாங்க வெளியே வர வேண்டியிருக்கும் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது.

ஹூம். டொக். இந்தத் தடவை அடுப்படிப் பக்கச் சுவர். அது நகர்கிறது. பிலோமி டார்ச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், போடவில்லை, போட்டால் தான் இருப்பது அதற்குத் தெரிந்துவிடும் என்று ஒரு எண்ணம். குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கிற அறையில் உட்கார்ந்துகொண்டு இந்த எண்ணம் வேறு. விரல்கள் தாமாகவே மூட்டு மூட்டாய் எண்ண ஆரம்பித்தன. அவள் கல்யாணமாகி வந்த வாரமே, எங்கள் சபையில் ஜெபமாலை கூடாது என்று அதைக் கிணற்றில் போடச் சொல்லிவிட்டாள் அத்தை, போட்டாயிற்று, ஆனால் விரல் மூட்டுகளை எந்தக் கிணற்றில் போடுவது, அருள் நிறைந்த மரியே அதில் தானாக ஓடுகிறது. அம்மா செத்த பிறகு லாரி ஓட்டுகிற அப்பா அவளைக் கொண்டுபோய் விட்ட கான்வென்ட் விடுதியில் கற்றது. படுக்கிறபோது மணி, எழுந்திருக்கிறபோது மணி. காலை மணி அடித்ததும் போர்வையை உதறி எழுந்துவிட வேண்டும், எழலாமா என்று யோசிக்கக் கூடாது. மணியோசை ஆண்டவரின் குரல் என்பார்கள், அவரைக் காக்க வைத்துவிட்டு நீ போர்வைக்குள் என்ன ஆலோசனை செய்கிறாய். பிலோமிக்கு அந்த மணி பிடிக்காது. ஆனால் ஜெபசீலன் வீட்டுக்கு வந்த பிறகு அதை நினைத்து ஏங்கியிருக்கிறாள். அங்கே எதற்கும் மணி அடிக்காது. எல்லாவற்றையும் ஜெபத்தில் வைப்பார்கள். பிலோமி நர்சிங் முடித்தவள், வேலைக்குப் போகட்டுமா, ஜெபத்தில் வைப்போம். பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், ஜெபத்தில் வைப்போம். ஜெபத்தில் வைத்தது பரணில் வைத்த பித்தளைப் பாத்திரம் மாதிரி, இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். ஜெபசீலன் நல்லவன். கை நீட்டாதவன், குடிக்காதவன், நர்சிங் பள்ளியின் கிறிஸ்துமஸ் விழாவுக்குக் கீபோர்டு வாசிக்க வந்து அவளைப் பார்த்துத் தப்பான ஸ்வரத்தை அழுத்தியவன். அந்தத் தப்பு ஸ்வரத்துக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அவனிடம் எதைக் கேட்டாலும் அவன் கண் அம்மா இருக்கிற அறைப் பக்கம் போகும், தாழ்ப்பாள் இல்லாத கதவு அசைகிறதா என்று பார்க்கும்.

அந்த அட்டை. அதை நினைக்கக் கூடாது என்று இருந்தாள், நினைப்பு வந்துவிட்டது. வருஷப் பிறப்பு ஜெபத்தில் தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்துச் சுற்றி வருவார்கள், ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், அதில் இருக்கிற வசனம் அந்த வருஷத்துக்கு உனக்குக் கர்த்தர் தந்த வாக்குத்தத்தம். ஒருத்திக்கு நீடித்த ஆயுள் வரும், அவள் அழுவாள், ஒருவனுக்குச் சத்துருக்கள் விழுவார்கள் என்று வரும், அவன் பங்காளியை நினைத்துக்கொண்டு ஆமென் என்பான். பிலோமிக்கு வந்தது, சும்மா நின்று நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லும் வசனம். அத்தை அதை பீரோக் கண்ணாடியில் ஒட்டினாள், தலை சீவும்போதெல்லாம் நெற்றிக்கு நேரே வரும். பிறகு மலையில் வேலை என்று உத்தரவு வந்தது. கேட்காமல் வந்தது அல்ல, கல்யாணத்துக்கு முன்னால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தது, அவளே மறந்துபோன ஒரு விதை முளைத்துக்கொண்டு வந்து நின்றது. வீடே கூடியது. அத்தை ஒன்றும் சத்தம் போடவில்லை, கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று அட்டையின் மேல் விரலை வைத்தாள். "நிக்கச் சொல்லியிருக்கு பிள்ள. போவச் சொல்லல." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஜெபசீலன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். பிலோமிக்குப் பதில் ராத்திரி எமிக்குப் பால் ஆற்றும்போதுதான் வந்தது. வேதத்தில் அந்த வசனம் வருகிற அதிகாரம் அவளுக்குத் தெரியும், வகுப்பில் பேசினதற்குத் தண்டனையாக முழுசையும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கதை அங்கே நிற்கவில்லை. முன்னால் கடல், பின்னால் குதிரைப் படை, நடுவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஜனம் குய்யோ முறையோ என்று கத்துகிறது. நில்லுங்கள், பயப்படாதீர்கள் என்று சொன்னது ஆண்டவர் இல்லை, அவருடைய ஊழியக்காரன். கொஞ்சம் தள்ளி ஆண்டவர் அந்த ஊழியக்காரனையே பிடிக்கிறார், என்னிடம் ஏன் முறையிடுகிறாய், இவர்களை நடக்கச் சொல். நடக்கச் சொன்னபோது கடல் இன்னும் பிளந்திருக்கவில்லை. அது அடுத்தது. அட்டை அச்சடிக்கிறவனுக்கு இடம் போதவில்லை, பாதியில் வெட்டிவிட்டான், அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு ஒரு வீடே நின்றுகொண்டிருக்கிறது. மறுநாள் காலையில் உலைக்கு அரிசி களைந்துகொண்டே, போகிறேன் என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை, உபவாசம் என்றாள்.

ஆனாலும் அத்தை கூறுகெட்டவள் இல்லை. வழி அனுப்பும்போது கருவாட்டை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள், மலையில என்னத்தத் தின்பீங்க என்று. கூடவே ஏற்பாடும் செய்து வைத்தாள். மலை பஸ் கண்டக்டர் தானியேல் அவர்கள் சபை ஆள். உச்சி ஊர் வரை போய்விட்டுக் கடைசி நடை இருட்டினதும் கீழே இறங்கும், வளைவில் நிறுத்தி ஹாரன் அடிப்பார், மனசு மாறினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட வேண்டியது, சாமான் கிடக்கட்டும். ஜெபசீலன் அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பிக் கீழே போகும்போது இதைச் சொன்னான். சாயங்காலம் உபவாச ஜெபம், கீபோர்டுக்கு வேறு ஆள் இல்லை, சனிக்கிழமை வந்துவிடுவான். "மனசுக்குச் சமாதானம் இல்லன்னா வந்துரு பிலோமி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் பயம். அத்தை கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்வாள், சூடாகச் சோறு போடுவாள், ராத்திரி வந்து மூக்கின் கீழ் விரல் வைப்பாள், கண்ணாடியில் அட்டை இருக்கும், இந்த இடத்துக்கு வரிசையில் அடுத்து நிற்கிற யாரோ ஒருத்தி வந்து குளவிக் கூட்டைச் சுரண்டுவாள். நாளைக்குப் புதன்கிழமை, தடுப்பூசி நாள், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஜீப்பில் வருவார். இந்த மலையில் பிள்ளை பெற்றவர்கள் தூளியில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நடந்து வருவார்கள் என்று வெள்ளச்சி சொன்னாள். போன நர்சு போனதிலிருந்து வந்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

சமாதானமா, அது எங்கே இருக்கிறது. இருக்கிறதெல்லாம் வயிற்றில் ஒரு குளிர்ந்த கல். ஹூம் என்கிறது வெளியே, உள்ளே கல் புரள்கிறது. சின்ன வயதில் இதே கல்லை மேடையில் சுமந்திருக்கிறாள். கான்வென்ட் தலைவி மதரின் நாள் விழாவில் நாடகம், வேதத்தில் வரும் தாலந்து உவமை. எஜமான் ஊருக்குப் போகும்போது மூன்று ஊழியரிடம் தன் பொருளைக் கொடுத்துவிட்டுப் போவான், இரண்டு பேர் பெருக்குவார்கள், மூன்றாமவன் மண்ணைத் தோண்டிப் புதைத்து வைப்பான், எஜமான் திரும்பி வந்து அவனைப் புற இருட்டில் தள்ளிவிடுவான். வகுப்பிலேயே குட்டை என்று மூன்றாம் ஊழியன் வேஷம் அவளுக்கு. வேட்டி கட்டி, மையால் மீசை வரைந்து, ஒரே ஒரு வசனம், ஐயா, எனக்குப் பயமாக இருந்தது. ஒத்திகையிலெல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். மேடையில் எஜமானாக நின்ற பெரிய வகுப்பு டெய்சி சாட்டையை ஆட்டிக்கொண்டு வந்ததும் நிஜமாகவே அழுதுகொண்டு சொன்னாள், மீசை கரைந்து வாயில் ஒழுகியது, கூடமே சிரித்தது. பிறகு அவளைப் புற இருட்டில் தள்ளினார்கள், புற இருட்டு என்பது மேடைக்குப் பின்னால் பெஞ்சுகள் அடுக்கியிருக்கிற இடம். அங்கே உட்கார்ந்துகொண்டு அந்த ஊழியனுக்காகப் பரிந்து கொதித்தாள். அவன் திருடினானா. குடித்து அழித்தானா. கொடுத்ததைக் கொடுத்தபடி துடைத்து வைத்திருந்தான். பயம் என்று உண்மையைச் சொன்னான், உண்மையைச் சொன்னவனைப் போய்த் தள்ளுவார்களா. எத்தனை வருஷம் அந்த எஜமானோடு அவள் சண்டை போட்டிருக்கிறாள், பூசையில் அந்த வாசகம் வருகிறபோதெல்லாம், நியாயமா நியாயமா என்று. இப்போது, இந்த மலையில், கால் சில்லிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்தில், வேறொன்று தோன்றியது. அந்த எஜமான் அவனைப் பயந்ததற்காகத் தள்ளவில்லை. மற்ற இரண்டு பேரும் மட்டும் என்ன, சிங்கமா. சந்தைக்குப் போகும்போது அவர்களுக்கும் பயம் இருந்திருக்கும், நஷ்டமானால் எஜமான் தோலை உரிப்பான் என்று தெரியும். அவர்கள் பயந்துகொண்டே போனார்கள். இவன் பயத்தைச் சாக்காக வைத்துப் பள்ளம் தோண்டினான். பயந்தான், சரி. பயந்துக்கிட்டே போயிருக்கலாமே அந்தப் படுபாவி.

டொக். இப்போது கதவில். கதவே அதிர்ந்தது, பாதி தள்ளின தாழ்ப்பாள் தன் வளையத்துக்குள் கிணுகிணுத்தது. எமி தூக்கத்தில் அவளுடைய நைட்டி ஓரத்தைப் பிடித்திருந்த பிடியை இறுக்கினாள். வருகிற வழியில் பஸ்ஸில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எமி வாந்தி எடுக்க எடுக்க, அவளும் ஓர் அடையாளம் கேட்டிருந்தாள், அத்தையைப் பார்த்துச் சிரித்தவள் அத்தையைப் போலவே. ஆண்டவரே, நான் இங்கே இருப்பது உமக்குப் பிரியமானால் முதல் ராத்திரி ஒரு சத்தமும் இல்லாமல் கழியட்டும், அதை அடையாளமாக வைத்துக்கொள்கிறேன். வைத்துக்கொண்டாயே, இந்தா அடையாளம், ஹூம் என்று. அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, கரடி மேல், அட்டை மேல், தன் மேல், பிறகு நேராகவே மேலே பார்த்து, ஆண்டவர் மேல். நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், கேட்டதே தப்பு. நீர் வேலையைக் கொடுத்தீர், படிப்பைக் கொடுத்தீர், அம்மாவை எடுத்துக்கொண்டு மணியைக் கொடுத்தீர், இதற்கு மேல் நான் பல்லியையும் பஞ்சரையும் பார்த்துக்கொண்டிருந்தால் அது விசுவாசம் இல்லை, பேரம். கரடி கரடிதான். குளவி குளவிதான். நீர் அனுப்பின தூதுவர்களாக எனக்கு இவர்கள் வேண்டாம். நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் பள்ளம் தோண்ட மாட்டேன். இப்படி ஆண்டவரிடம் பேசலாமா என்று ஒரு மூலையில் கான்வென்ட் கேட்டது. பேசலாம் என்று இன்னொரு மூலை சொன்னது, வேதத்தில் அவரோடு விடிய விடிய மல்லுக்கட்டி இடுப்புச் சுளுக்கிக்கொண்டவனுக்குத்தானே ஆசீர்வாதம் கிடைத்தது.

அப்போதுதான் மேலே எங்கோ இன்ஜின் உறுமி இறங்குவது கேட்டது. சன்னல் கண்ணாடியில் வெளிச்சம் ஒரு சுற்று சுற்றி மறைந்து மறுபடி வந்தது. கடைசி நடை. வளைவில் வந்து நின்று ஹாரன் அடித்தது பஸ், நீளமாக, பிறகு ஒரு குட்டை ஹாரன். எல்லாம் தயாராகவே இருப்பது போலிருந்தது, பையை எடுக்க வேண்டாம், பிள்ளையைத் தோளில் போட்டால் போதும், கண்டக்டர் கதவைத் திறந்து பிடித்திருப்பார். பிலோமி எமியின் விரல்களை ஒவ்வொன்றாக நைட்டியிலிருந்து பிரித்தாள். அவள் கையில் தலையணை உறையின் ஓரத்தைக் கொடுத்தாள். துண்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டாள், டார்ச்சைப் போட்டாள், கதவைத் திறந்தாள். தான் எதற்குத் திறக்கிறோம், பஸ்ஸுக்கா கரடிக்கா என்று அந்த விநாடியில் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது, உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. குளிர் முகத்தில் அறைந்தது. டார்ச் வெளிச்சத்தில், படிக்குக் கீழே, தலைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது. செம்பழுப்பு நாய், விலா எலும்பு தெரிகிற நாய். அத்தை கொடுத்த கருவாட்டு டப்பா, பஸ்ஸிலேயே நாறித் தொலைத்தது என்று சாயங்காலம் கருவாட்டைச் சட்டிக்கு மாற்றிவிட்டுக் கழுவி மூடியில்லாமல் அடுப்படிக்குப் பின்னால் காற்றாட வைத்த அதே டப்பா. எவ்வளவு கழுவினாலும் போகாத வாசனைக்குத் தலையைக் கொடுத்துவிட்டது, எடுக்க வரவில்லை. உள்ளே அதன் மூச்சு பனியாகப் படர்ந்து முகம் தெரியவில்லை. ஹூம் என்று இழுத்தது, வெளிச்சத்தை நோக்கி வந்து படியில் டொக்கென்று மோதியது.

சிரிப்புத்தான் முதலில் வந்தது, சத்தமில்லாமல், வயிற்றுக் கல்லைக் குலுக்கிக்கொண்டு. பிறகு பயம் திரும்பி வந்தது, நிஜமான, அளவான பயம், கடித்துவிட்டால் ஊசியை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். டார்ச்சைப் படியில் வைத்தாள். துண்டை நாயின் முதுகில் போட்டு, அதன் உடம்பை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நாய் அவளைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தது. சும்மா இரு, சும்மா இரு என்று சொல்ல வாயெடுத்து, அந்தச் சொல் பிடிக்காமல், கொஞ்சம் திமிறு, நீயும் இழு என்றாள். டப்பாவை நேரே இழுத்தால் காது மடங்கித் தடுத்தது. ஒரு காதை விரலால் உள்ளே அமுக்கி, டப்பாவைப் பக்கவாட்டில் திருகி, பிள்ளையின் தலை திரும்புகிற மாதிரி திருப்பி, மெல்ல, மெல்ல. பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. ரோட்டிலிருந்து தானியேலின் குரல் வந்தது. "ஸ்தோத்திரம் சிஸ்டர். வாறீங்களா?"

"இல்லண்ணே, நீங்க கிளம்புங்க" என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள்.

"வேணும்னா ரெண்டு நிமிசம் நிறுத்துறேன், ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டு முடிவெடுங்க. உங்க அத்தைக்கு நான் பதில் சொல்லணும்லா."

"ஜெபமெல்லாம் பண்ணியாச்சுண்ணே. நாளைக்குத் தடுப்பூசி இருக்கு. அத்தைகிட்ட, அந்த அட்டையில உள்ளதுக்குக் கொஞ்சம் கீழ தள்ளி வாசிக்கச் சொன்னேன்னு சொல்லுங்க. கருவாடு நல்லாயிருக்குன்னும் சொல்லுங்க."

பஸ்ஸுக்குள் யாரோ, நர்சம்மா வரலன்னா வண்டிய எடுய்யா, மனுசன் பசியில கெடக்கான் என்று கத்தினார்கள். விசில் கேட்டது. அதே நேரத்தில் டப்பா பொசுக்கென்று கையோடு வந்துவிட்டது, பிலோமி பின்னால் சாய்ந்து கதவில் முதுகை இடித்துக்கொண்டாள். நாய் தலையை உதறியது, இருட்டை ஒரு தரம் முகர்ந்தது, நன்றி கின்றி ஒன்றும் காட்டாமல் துண்டை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடியது. பஸ்ஸின் பின் விளக்கு வளைவுகளில் ஒளிந்து ஒளிந்து கீழே போயிற்று. ஒவ்வொரு வளைவிலும், இப்போது கூப்பிட்டால்கூடக் கேட்கும், இப்போதுகூட, என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்காது என்று தெரிகிற வரை படியிலேயே நின்றாள். போய்விட்டது. சன்னமாகப் பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம், அது இத்தனை நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

உள்ளே எமி தலையணை உறையைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பிலோமியின் கை தானாக மகளின் மூக்கின் கீழ் போய் நின்றது, சூடாக மூச்சு விரலில் பட்டது. அத்தையின் விரல். ஒரு கணம் அந்த வீட்டை, ஆணி ஓட்டைகளை, ஸ்குரூ டிரைவரோடு அறை அறையாய்ப் போன அந்தப் பொம்பிளையை நினைத்துக்கொண்டாள். அத்தை, உங்கள் மகள் உள்ளே போனதற்கும் நான் உள்ளே போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதை உங்களுக்குப் புரிய வைக்க எனக்கு வருஷங்கள் ஆகும், ஆகட்டும். அவள் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கதவருகே மண்டியிட்டாள். ஜெபத்துக்கு முழங்காலிடுகிற அதே உயரந்தான் அந்தத் துளைக்கு. மண் கெட்டித்திருந்தது. நுனியை விட்டுச் சுரண்டினாள், செந்தூள் நைட்டியில் உதிர்ந்தது. உள்ளே ஏதாவது உயிர் இருக்குமோ, அதைக் கொன்றுவிடுவோமோ என்று ஒரு தயக்கம் வந்து கையை நிறுத்தியது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். கூட்டின் மேல் பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது, சாயங்காலம் கண்ணில் படாத ஓட்டை. உள்ளே காய்ந்த ஒரு தோல் மட்டும். உள்ளே இருந்தது வளர்ந்து, உள்ளிருந்தே குடைந்துகொண்டு எப்போதோ பறந்து போயிருக்கிறது. தள்ளிப் பார்க்கிற கைக்குத்தான் அடைத்திருப்பது போல இருந்திருக்கிறது. மிச்ச மண்ணைத் தோண்டி எடுத்தாள், வாயால் ஊதினாள், கண்ணில் தூசி விழுந்தது.

பயம் போய்விட்டதா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். போகவில்லை. அது பாட்டுக்கு வயிற்றில் உட்கார்ந்திருந்தது, இனி அதுவும் இந்த வீட்டில் குடியிருக்கும் போலிருக்கிறது, வாடகை கேட்க முடியாது. நாளைக்குக் கரடியே வரலாம். யாராவது வலியெடுத்து ராத்திரியில் கதவைத் தட்டலாம், தட்டினால் திறக்க வேண்டும், அதற்குத்தானே வந்தது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், உள்ளே பூட்டியிருக்க, எமி. அந்த எண்ணம் வந்ததும் கை மறுபடி தயங்கியது, ஆணி ஓட்டைகளெல்லாம் ஒரு தரம் கண் முன்னால் வந்து போயின. பிறகு அவள் தாழ்ப்பாளின் உயரத்தைப் பார்த்தாள். முழங்கால் உயரம். எமி நின்றால் அவள் இடுப்புக்கு நேரே வரும். நாளைக்குக் காலையில் எழுந்ததும், டாக்டரின் ஜீப் வருவதற்கு முன்னால், பிள்ளைகளைத் தூளியில் கட்டிக்கொண்டு அந்தப் பெண்கள் ஏறி வருவதற்கு முன்னால், எமியை இங்கே நிறுத்தி, அவள் சின்னக் கையின் மேல் தன் கையை வைத்து, இப்படிப் பிடி, இப்படி இழு, என்று இதைத் திறக்கக் கற்றுக் கொடுத்துவிட வேண்டும். பிலோமி தாழ்ப்பாளின் குமிழைப் பிடித்துத் தள்ளினாள். மண் கரகரக்க, பாதி தூரத்தைத் தாண்டி, சட்டத்துக்குள் முழுசாகப் போய் விழுந்தது அது.